ஏறலாம் என்று எழுதும் வேலை

ஒரு மனிதரை ஒற்றைக் காலில் நிற்கச் சொல்லிவிட்டு, எதிரே கதிரையில் வசதியாகச் சாய்ந்தபடி அவர் எப்போது ஆடுவார் என்று பார்த்துக்கொண்டிருப்பதுதான் என் தொழில். இதற்கெல்லாம் படிப்பு வேண்டுமா என்று கேட்பவர்கள் உண்டு. வேண்டும். அரசாங்க ஆஸ்பத்திரிகளில் இயன்மருத்துவராக இருந்து, முறிந்த கால்களையும் பிடித்துக்கொண்ட கழுத்துகளையும் வழிக்குக் கொண்டுவந்து, ஓய்வு பெற்ற பிறகு எனக்கு வாய்த்த உத்தியோகம் இது. திருகோணமலைத் துறைமுகத்தில், சீனன்குடாப் பக்கக் கரையில், கப்பலில் வரும் தானியத்தைக் கொட்டிவைப்பதற்குக் கோபுரங்கள் எழும்பிக்கொண்டிருக்கின்றன. ஊரிலுள்ள எந்தத் தென்னையும் அவற்றின் இடுப்புக்கு எட்டாது. அங்கே உயரத்தில் வேலை செய்ய வருகிறவர்களின் பிரஷர், பார்வை, காது, கால், நிதானம் எல்லாவற்றையும் சோதித்து "ஏறலாம்" அல்லது "ஏறக்கூடாது" என்று எழுதி நான் கையெழுத்து வைக்க வேண்டும். அது இல்லாமல் எவரும் ஏணியில் கால் வைக்க முடியாது.

"முடியாது" என்று சொல்வதற்கென்றே சம்பளம் வாங்கும் சகபாடிகள் வாசகர்களிலும் இருப்பீர்கள். வங்கியில் கடன் பிரிவில் இருப்பவர்கள், பரீட்சை மண்டப வாசலில் நிற்பவர்கள், பஸ்ஸில் இடமில்லை என்று சொல்லவேண்டியவர்கள். உங்களுக்கு என் பாடு விளங்கும். அதில் பெரும்பங்கு, அன்சார் என்ற கம்பி வேலைக்காரரை மேலே விடுவதா வேண்டாமா என்று நான் பட்ட பாடு. அதற்கு முன் சில சில்லறைப் பாடுகள்.

எந்தக் கால்

முதல் நாளே எல்லோரும் என்னை டொக்டர் என்று கூப்பிடத் தொடங்கிவிட்டார்கள். எனக்கு அது ஒத்துவராது. ஒரு சொல்லைப் பிழையான ஆள் மேல் போட்டால், பிழையான ஆளின் செருப்பைப் போட்டுக்கொண்டு நடப்பதுபோல எனக்குக் கால் கடிக்கும். ஆகவே கப்பல்துறை என்ற ஊரிலிருந்து வேலைக்கு வந்திருந்த சிவபாலனிடம், வைத்தியர் என்ன செய்வார், இயன்மருத்துவர் என்ன செய்வார், இரண்டு தொழில்களும் எங்கே தொட்டுக்கொள்கின்றன, எங்கே விலகுகின்றன என்பதை ஒழுங்காக எடுத்துச் சொன்னேன். நடுவில் எலும்புக்கும் தசைக்கும் உள்ள உறவும் கொஞ்சம் வந்தது.

சிவபாலன் சப்பாத்தைக் கழற்றிவிட்டு, தரையில் நான் கீறியிருந்த கோட்டில் வெறுங்காலோடு நின்று முழுவதையும் பொறுமையாகக் கேட்டார். பின்னால் காத்திருந்தவர்களும் கேட்டார்கள். நான் மூச்சு விட்டபோது அவர் மரியாதையாகக் கையைக் கட்டிக்கொண்டு கேட்டார்:

"சரி சேர், நீங்க டொக்டர் இல்ல. இப்ப எந்தக் காலைத் தூக்கிறது?"

வள்ளத்துக்காரர்

குச்சவெளியிலிருந்து ஓர் அண்ணனும் தம்பியும் வந்தார்கள். மாரிகாலத்தில் கடல் குழம்பினால் வள்ளத்தைக் கரையில் இழுத்துப் போட்டுவிட்டுக் கட்டட வேலைக்கு வருகிறவர்கள். ஆடும் வள்ளத்தில் நின்று வலை இழுக்கிறவர்களுக்கு என் சோதனை ஒரு பொருட்டே அல்ல என்று நினைத்தேன். சீமெந்துத் தரையில் கண்ணை மூடி ஒற்றைக் காலில் நின்றதுதான் தாமதம், இருவரும் காற்றில் அகப்பட்ட வாழைகளாகிவிட்டார்கள். தம்பி சுவரைப் பிடித்தார். அண்ணன் தம்பியைப் பிடித்தார்.

அடுத்த சோதனைக்கென்று ஒரு தடித்த ஸ்பொஞ்ச் மெத்தை வைத்திருக்கிறேன். அதில் நிற்கும்போதுதான் சாதாரணமாக ஆட்கள் தடுமாறுவார்கள். இவர்கள் அதில் ஏறியதும் நட்ட தூண்களைப் போல நின்றார்கள். அண்ணன் நின்றபடியே ஒரு கொட்டாவியும் விட்டார். ஆடுகிற இடத்துக்கென்று பழகிய உடம்பு ஆடாத இடத்திலும் ஆட்டத்தை எதிர்பார்த்து முந்திக்கொள்கிறது என்று விளக்கி, கொஞ்ச நாள் கீழே வேலை செய்து தரைக்குப் பழகிவிட்டு வாருங்கள் என்றேன். விளக்கம் அவர்களுக்குப் பிடித்தது, முடிவு பிடிக்கவில்லை. அண்ணன் மெத்தையிலிருந்து மனமில்லாமல் இறங்கினார்.

"தரை அசைஞ்சா நிப்பம், சேர். அது பேசாமக் கிடந்தா நாங்க என்ன செய்யிறது?"

கண்டி வீதியில் ஒரு வரிசை

என் சோதனை என்னவென்று சிவபாலன் ஊரில் போய்ச் சொல்லிவிட்டார். அடுத்த கிழமை அதே கப்பல்துறையிலிருந்து வந்த ஆட்கள் எல்லோரும் சந்தேகப்படும்படி நன்றாக நின்றார்கள். ஒருவர் மட்டும் கணுக்கால் வீங்கி, நொண்டிக்கொண்டு வந்தார். எப்படி வந்தது என்று கேட்டால் மேலே பார்த்தார், கீழே பார்த்தார், சொல்லவில்லை. உயரத்திலிருந்து விழுவதைத் தடுக்க நான் வைத்த சோதனைக்குப் பயிற்சி எடுத்து ஒருவர் வீதியோரச் சாக்கடைக் கானுக்குள் விழுந்திருக்கிறார் என்பது எனக்குப் பிறகுதான் தெரிந்தது.

தெரியவைத்தவர் பஸ் கொண்டக்டர். காலையில் கண்டி வீதியால் வரும்போது, கப்பல்துறைத் தரிப்பிடத்தில் ஆறேழு பேர் சாப்பாட்டுப் பையைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு, வரிசையாக ஒற்றைக் காலில் கண்ணை மூடி நிற்கிறார்களாம். பஸ் வந்து நின்றதும் தெரியாதாம், போனதும் தெரியாதாம். என்னை அடையாளம் கண்டு ஒருநாள் என் ஆசனத்துக்கே வந்துவிட்டார்.

"சேர், உங்கட ஆக்கள் கண்ணை மூடிக்கொண்டு நிண்டா, பஸ்ஸுக்கு ஆர் கை காட்டுறது?"

நோன்பு மாதத்து ஆட்டம்

நோன்பு மாதம் தொடங்கியதும் கிண்ணியாவிலிருந்து வரும் முஸ்லிம் வேலைக்காரர்களின் சோதனையைக் காலையிலேயே வைத்துக்கொண்டேன். விடியுமுன் சாப்பிட்ட சஹர் சாப்பாட்டின் தெம்பு இருக்கும் நேரம் அது. கோபுர உச்சியில் செய்யும் வேலையையும் காலையோடு முடித்துவிட்டு, வெயில் ஏறியதும் கீழே கம்பி வளைக்க இறங்கிவிட வேண்டும் என்பது ஏற்பாடு. இதைக் கேட்டுப் பெற்றுக்கொண்டவர் அன்சார். கம்பி கட்டும் கூட்டத்தின் தலைவர், நாற்பது கடந்தவர், ஒல்லி, வாய்க்காரர். கோபுரத்தின் ஒவ்வொரு வளையத்துக்கும் முதலில் ஏறுகிறவர் அவர்தான். அவர் ஏறினால்தான் மற்றவர்கள் ஏறுவார்கள்.

ஒருநாள் மதியத்துக்குப் பிறகு சிவபாலனுக்கு மறுசோதனை இருந்தது. மனிதர் ஒரு பொதிச் சோறும் மீன்குழம்பும் ஒரு பிடி பிடித்துவிட்டு நேரே வந்திருந்தார். கண்ணை மூடினார், ஆடினார். இன்னொரு காலைத் தூக்கினார், இன்னும் ஆடினார். நிழலுக்காக என் அறை வாசலில் குந்தியிருந்த அன்சார் இதை ரசித்துப் பார்த்தார்.

"பாருங்க சேர், நோன்பு புடிச்ச நாங்க நேரா நிக்கிறம். சோறு திண்ட இவன்தான் ஆடுறான்!"

பேணி

பெருநாள் முடிந்து வேலை பழையபடி தொடங்கியது. பகலில் தண்ணீர் குடிக்கும் காட்சியும் திரும்ப வந்தது. எங்கள் சைட்டில் ஒரு கூட்டத்துக்கு ஒரு பெரிய போத்தல். எல்லோரும் அண்ணாந்து, வாயில் படாமல் ஊற்றிக் குடிக்க வேண்டும். வாய் பட்டுவிட்டால் அன்றைக்கு முழுக்க ஏச்சுத்தான். அன்சார் மட்டும் தன் பையிலிருந்து ஒரு தகரப் பேணியை எடுத்து, அதில் ஊற்றி, நாடியை நெஞ்சோடு ஒட்டவைத்துக்கொண்டு சின்னச் சின்னதாக உறிஞ்சினார். கேட்டால் பல் கூச்சம் என்றார். பல் கூச்சத்துக்கும் அண்ணாந்து குடிப்பதற்கும் என்ன பகை என்று நான் யோசித்தேன். பல்லுக்குத் தண்ணீரின் குளிர்தான் தெரியும், அது வரும் திசை தெரியாது. பிறகு இன்னொன்றும் கண்ணில் பட்டது. தலைக்கு மேலே கம்பி கட்டவேண்டிய இடம் வந்தால், அவருடைய தங்கையின் கணவர் நிஸார் எங்கிருந்தோ வந்து அந்த வேலையைச் சத்தமில்லாமல் வாங்கிக்கொள்கிறார்.

அன்சாரை அறைக்குள் கூப்பிட்டேன். நிற்கச் சொன்னேன், நடக்கச் சொன்னேன், எல்லாம் சுத்தம். பிறகு வாங்குப் பலகையில் உட்காரவைத்து, தலையை ஒரு பக்கம் திருப்பி, சட்டென்று மல்லாக்கச் சாய்த்தேன். ஒரு கணம் ஒன்றுமில்லை. அடுத்த கணம் அவருடைய கண்மணிகள் துடித்துச் சுழலத் தொடங்கின. மனிதர் என் சேட்டைப் பிடித்த பிடியில் இரண்டு பொத்தான்கள் தெறித்துப்போயின. அரை நிமிடத்தில் எல்லாம் அடங்கியது. அவர் எழுந்து உட்கார்ந்து, வியர்வையைத் துடைத்து, கதவு சாத்தியிருக்கிறதா என்று பார்த்துக்கொண்டார். நோன்புக்கு முன்னிருந்தே இப்படித்தானாம். அண்ணாந்தால் மட்டும் உலகம் சுற்றுமாம், பிறகு நின்றுவிடுமாம். நிஸாருக்கு மட்டும் தெரியுமாம். இதோடு உச்சியில் நின்று வேலை செய்கிறீர்களா என்று கேட்டேன்.

"மேல ஏறினா நான் கீழ பாத்துத்தானே சேர் வேல செய்யிறன். வானத்த ஆரு பாக்கிற?"

எழுத மட்டும்

"ஏறக்கூடாது" என்று எழுதினேன். அன்று பகலே கம்பிக் கூட்டம் முழுவதும் கிரேனின் நிழலில் உட்கார்ந்துவிட்டது. அண்ணன் முறையில் தாங்கள் 'நானா' என்று கூப்பிடும் அன்சார் இல்லாமல் ஏறமாட்டோம் என்றார்கள். உச்சி வளையத்துக்குக் கம்பி கட்டாமல் கொங்கிறீட் போட முடியாது. அவருக்கு இரண்டு பெல்ட் போட்டு இரண்டு பக்கமும் கட்டிவிடுகிறோம் என்று நிஸார் ஒரு யோசனையோடு வந்தார். பெல்ட் ஆளைப் பிடிக்கும், ஆள் கையில் வைத்திருக்கும் கம்பியைப் பிடிக்காது, கீழே நிற்கிறவனின் தலையில்தான் அது இறங்கும் என்றேன். நிஸார் தன் ஹெல்மெட்டைத் தொட்டுப் பார்த்துக்கொண்டு போனார்.

எனக்கும் அது சங்கடம்தான். கீழே நின்று வேலை வாங்குகிற ஒருவரை அந்தக் கூட்டம் தலைவராக ஏற்காது. முதலில் ஏறுகிறவர்தான் தலைவர். நான் விடாப்பிடியாக நின்றால் அன்சார் பையைத் தூக்கிக்கொண்டு, சோதனையே இல்லாத வேறொரு சைட்டுக்குப் போய், அங்கே ஏறி, அங்கே ஒருநாள் அண்ணாந்து பார்ப்பார். விட்டுக்கொடுத்தால் அதே காரியம் என் கண் முன்னால் நடக்கும். இந்த இரண்டுக்கும் நடுவில் நான் உட்கார்ந்திருந்தபோது சுப்பர்வைசர் தவராசா வந்தார். நல்ல மனிதர், எனக்குப் பிளேன்டீ ஊற்றித் தருகிறவர். அன்றைக்கும் ஊற்றித் தந்துவிட்டு, கதவைச் சாத்திவிட்டு, குரலைத் தாழ்த்திச் சொன்னார்:

"நான் அவரை ஏறச் சொல்லேல்ல, சேர். ஏறலாம் எண்டு எழுதத்தான் சொல்லுறன்."

காதுக்குள் மண்

அன்சாரிடம் ஒரு பேரம் வைத்தேன். வேறு சைட்டுக்குப் போகக்கூடாது. பெரியாஸ்பத்திரியில் காது மூக்குத் தொண்டை கிளினிக்கில் காட்ட வேண்டும். அவர்கள் நான் நினைப்பதுதான் என்று சொன்னால், சுகமாக்கும் வழி என் கையிலேயே இருக்கிறது. அதுவரை அவர் வாசலில் நின்று ஹெல்மெட் கொடுக்கலாம், கூட்டம் கீழே கம்பி வளைக்கலாம். சுகமாகும் என்ற சொல்லைக் கேட்டதும் அவர் என்னை ஒரு மாதிரிப் பார்த்தார். இது ஒருநாளும் மாறாத வருத்தம், தெரிந்தால் தொழிலே போய்விடும் என்று நம்பித்தான் இத்தனை நாளும் மூடி வைத்திருந்தாராம்.

கிளினிக்கில் நான் நினைத்ததையே சொன்னார்கள். உட்காதில், தலை எந்தப் பக்கம் சரிகிறது என்று மூளைக்குச் சொல்லும் வளைந்த குழாய்கள் இருக்கின்றன. மண்ணைப் போன்ற சிறு துகள்கள் இடம் மாறி அவற்றுக்குள் விழுந்துவிட்டால், தலையைச் சரிக்கும்போதெல்லாம் உலகம் சுற்றுவதாக மூளைக்குப் பொய்ச் செய்தி போகும். தலையை ஓர் ஒழுங்கில் சரித்து, திருப்பி, உருட்டினால் துகள்கள் வந்த வழியே வெளியேறும். இதைப் படம் கீறிக் கூட்டத்துக்கே விளக்கினேன். பிறகு அன்சாரை வாங்கில் படுக்கவைத்துத் தலையைத் திருப்பத் தொடங்கியபோது, எட்டுப் பத்துத் தலைகள் ஜன்னலில் நின்றன. சிவபாலனுக்கு ஒரு சந்தேகம் வந்துவிட்டது.

"அன்சார் நானா, அது உங்கட கிண்ணியா மண்ணோ, எங்கட சைட் மண்ணோ எண்டு சேரிட்டக் கேளுங்கோ. எங்கட எண்டா தவராசா அண்ணை திருப்பிக் கேப்பார்."

வாசலில் ஒரு ஹெல்மெட்காரர்

ஒரு தடவையில் சரிவரவில்லை. ஆட்டம் குறைந்தது, நிற்கவில்லை. இரண்டாவது தடவை திருப்பிய பிறகு கண்மணிகள் அடங்கின. ஆனாலும் கொஞ்ச நாள் பார்க்க வேண்டும் என்றேன். அன்சாருக்கு அது பிடிக்கவில்லை. என்னோடு கதையை நிறுத்திக்கொண்டார். அந்தக் கோபமெல்லாம் வாசலில் வந்தவர்கள் மேல் இறங்கியது. நாடிப்பட்டி தளர்ந்தவரைத் திருப்பி அனுப்பினார். தவராசா ஹெல்மெட்டைக் கையில் வைத்துக்கொண்டு வந்தபோது அவரையும் வெளியே நிறுத்தினார். சைட் தொடங்கிய காலம் முதல் இவ்வளவு ஒழுங்காக ஹெல்மெட் போட்டதை நான் பார்த்ததில்லை.

வீட்டிலும் மனிதர் அப்படித்தான் இருந்திருக்க வேண்டும். ஒரு பின்னேரம் அவருடைய மனைவி எனக்குத் தொலைபேசி எடுத்தார். சுகம் விசாரித்தார். கூப்பிட்டு மருந்து பார்த்ததற்கு நன்றி சொன்னார். அவசரப்பட்டு மேலே அனுப்பிவிட வேண்டாம், எத்தனை நாள் என்றாலும் பரவாயில்லை, நன்றாகப் பார்த்துத்தான் அனுப்ப வேண்டும் என்றார். இப்படியும் ஒரு விவேகமான மனுஷி இருக்கிறாரே என்று நான் மனம் நெகிழ்ந்து நன்றி சொல்லப்போனேன். அவர் இன்னும் முடிக்கவில்லை.

"ஆனா சேர், பகல்ல முழு நேரமும் அங்கயே வெச்சிக்கொள்ளுங்க. வெள்ளிக்கிழம கொஞ்சம் வெள்ளனப் போகச் சொன்னீங்க, வந்து குசினில என்ட சட்டிபானையெல்லாம் அடுக்கு மாத்திப் போட்டாரு."

மேலே போகும் காலை

கடைசிச் சோதனையில் அவரை எல்லாத் திசையிலும் சாய்த்தேன். தலையைத் தொங்கவிட்டேன், திருப்பினேன், எழுப்பினேன், திரும்பச் சாய்த்தேன். கண்கள் அசையாமல் என்னையே முறைத்துக்கொண்டிருந்தன. முறைப்பு கோபத்தினால்தான், துகளால் அல்ல. "ஏறலாம்" என்று எழுதி, ஒரு மாதத்துக்குக் கிழமைக்கு ஒருமுறை வந்து காட்ட வேண்டும் என்றும் எழுதினேன். அவர் வாங்கி வாசித்தார். நன்றி சொல்லவில்லை. நானும் எதிர்பார்க்கவில்லை. வெளியே கூட்டம் பெல்ட்டுகளை மாட்டிக்கொண்டு ஏணியடியில் தயாராக நின்றது. நானும் பின்னால் போனேன். கையெழுத்து வைத்தவன் கீழே நின்று பார்க்க வேண்டும் என்று எங்கும் எழுதியில்லை. ஆனால் அறைக்குள் இருக்க முடியவில்லை.

அன்சார் ஏணியில் கை வைத்தார், எடுத்தார். திரும்பி வரிசையை ஒருமுறை பார்த்தார். நிஸாரிடம் போய் அவருடைய பெல்ட் கொளுக்கியைத் தானே கழற்றினார். நிஸாரின் பிள்ளைக்குக் காய்ச்சல், மனிதர் கண் மூடி மூன்று நாளாகிறது, நின்றபடியே தூங்கி விழுகிறார், இவரை இன்றைக்கு விடாதீர்கள் என்று என்னிடம் சொன்னார். அவருடைய கூட்டத்தின் முன்னால், எல்லோரும் கேட்கும்படி சொன்னார். நிஸாரின் கண்களைப் பார்த்தேன். சோதனை ஒன்றும் தேவைப்படவில்லை. "இன்றைக்கு ஏறக்கூடாது" என்றேன்.

நிஸாருக்கு முகம் கறுத்துவிட்டது. "மச்சான், உங்கட விசயம் எனக்கு எவ்வளவு காலமாத் தெரியும்? நான் ஒரு ஆளுக்கிட்ட வாய் துறந்தனா? ஒருநாளும் உங்களக் காட்டிக் குடுக்கல்லியே!"

அன்சார் ஏணியின் முதல் படியில் காலை வைத்தபடியே பதில் சொன்னார்:

"அதத்தான்டா நானும் சொல்றன். அண்டைக்கே நீ காட்டிக் குடுத்திருந்தா, எனக்கு எப்பயோ சுகமாகியிருக்கும்."

அவர் ஏறினார், கூட்டம் பின்னால் ஏறியது, நிஸார் மட்டும் கீழே நின்று, மச்சானை ஏச முடியாததால் என்னை ஏசத் தொடங்கினார். விழுந்தவர் ஒருவரையும் நான் இதுவரை கையால் தாங்கியதில்லை, விழாதவர்களிடம் ஏச்சு வாங்குவதற்குத்தான் எனக்குச் சம்பளம் தருகிறார்கள்.